70களின் பாப் பாடகர்கள்: முடியிலிருந்து தொடங்க வேண்டிய கதை

கேள்வி இது: "1970களின் பாப், ராக் பாடகர்களின் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொரு வருடமும் வேறு ஆள் மாதிரி இருக்கிறார்கள். முடி மாறுகிறது, உடை மாறுகிறது, முகத்தில் சாயம் வருகிறது, போகிறது. இதெல்லாம் வெறும் விளம்பர உத்தியா? யார் இதை முடிவு செய்தார்கள்?"

விளம்பரமும் ஒரு காரணம்தான், சந்தேகமில்லை. பாட்டு விற்க வேண்டும், பத்திரிகையில் படம் வர வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பத்து வருடத்தில் நடந்ததில் பெரும்பகுதி விட்டுப்போகும். பொதுவாக இதைப் பற்றி எழுதுகிறவர்கள் உடையிலிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் சமிக்கியும் சாட்டினும் கண்ணைப் பறிக்கும். நான் முடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். கச்சேரி முடிந்ததும் உடையைக் கழற்றி மாட்டிவிடலாம். முடியை அப்படிக் கழற்ற முடியாது, மறுநாள் காலை கடைக்கும் ரயிலுக்கும் அம்மா வீட்டுக்கும் அதே தலையோடுதான் போயாக வேண்டும். ரசிகனுக்கும் அதே கணக்குதான்: பாடகர் போட்டிருந்த உடையை வாங்க அவனிடம் காசு இல்லை, ஆனால் ஒரு சலூனுக்குள் போய் அந்த மாதிரி வெட்டச் சொல்ல முடியும், சொன்னபிறகு வீட்டிலும் பள்ளியிலும் அதற்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும். அந்த இடத்தில்தான் இது விளம்பரத்தைத் தாண்டிப் போகிறது.

யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விக்கும் பதில் உண்டு, அதிகம் பேசப்படாத பெயர்களாக. புறநகர் சலூனில் வேலை பார்த்த ஒரு பெண், தையல்காரர்கள், ஒரு ஜப்பானிய வடிவமைப்பாளர், ஐஸ் ஸ்கேட்டிங் ஷோக்களுக்கு உடை தைத்தவர்கள். அவர்களைப் பெயர் சொல்லியே பேசுகிறேன்.

முதலில் 1970இல் நிலைமை எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். ஆண்கள் நீளமாக முடி வளர்ப்பது அதற்குள் பழைய செய்தியாகிவிட்டது. 1964இல் டேவிட் ஜோன்ஸ் என்ற 17 வயதுப் பையன் பிபிசி தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்து, நீள முடி வைத்த ஆண்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க ஒரு சங்கம் வைத்திருக்கிறோம் என்று பேசினான். நடுத்தெருவில் கிண்டல் செய்கிறார்கள் என்பது அவன் புகார். அந்தப் பையன்தான் பிறகு டேவிட் போவி. அன்றைக்கு அது தொலைக்காட்சியில் பேசுகிற அளவுக்கு விஷயமாக இருந்தது, ஆறே வருடத்தில் அலுவலகம் போகிற ஆண்கள்கூட காதை மூட முடி வைத்துக்கொண்டார்கள். ராக் குழுக்களோ ஜீன்ஸ், கசங்கிய சட்டை, தோளுக்குக் கீழே முடி என்று ஒரே சீருடையில் நின்று நீண்ட நீண்ட கிட்டார் தனியாவர்த்தனம் வாசித்துக்கொண்டிருந்தன. நல்ல இசைக்கலைஞன் உடையைப் பற்றிக் கவலைப்பட மாட்டான் என்பது அப்போதைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எதிராகத்தான் கிளாம் ராக் என்று பின்னால் பெயர் பெற்றது கிளம்பியது.

அதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு, கலர் டிவி. பிரிட்டனில் பிபிசியின் முதல் அலைவரிசையும் ஐடிவியும் 1969 நவம்பர் 15 அன்றுதான் கலருக்கு மாறின. "டாப் ஆஃப் தி பாப்ஸ்" வாராவாரம் வீட்டு முன்னறைக்குள் வருகிற நிகழ்ச்சி, குடும்பமே உட்கார்ந்து பார்க்கும். கறுப்பு வெள்ளைத் திரையில் சாட்டின் துணியும் பருத்தித் துணியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கலரில் இரண்டும் ஒன்றில்லை. 1971இல் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் "ஹாட் லவ்" பாட்டுக்காக அந்த நிகழ்ச்சிக்கு வந்தபோது பளபளக்கும் சாட்டின் உடையில், கண்ணுக்குக் கீழே மினுக்குத்தூள் வைத்துக்கொண்டு நின்றார். அந்த யோசனைக்குப் பின்னால் செலிடா செகுண்டா என்ற பெண் இருந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு சொட்டு மினுக்கு, அவ்வளவுதான், ஆனால் கேமரா அருகில் போனபோது விளக்கொளி அதில் பட்டுத் தெறித்தது. அடுத்த கச்சேரிகளில் பெண்களும் பையன்களும் கன்னத்தில் மினுக்கோடு வந்தார்கள். போலனின் சுருள்முடி அவருக்கு இயல்பாக அமைந்தது, அதைத் தொடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அதனாலேயே அவர் தோற்றம் பெரிதாக மாறவும் இல்லை.

போவியின் கதை நேர் எதிர். 1971இல் அவருக்குப் பொன்னிற நீள முடி, பழைய ஹாலிவுட் நடிகை மாதிரி அலையலையாக. மிஸ்டர் ஃபிஷ் கடையில் வாங்கிய, ஆண்களுக்கென்றே தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு ஆல்பம் அட்டைக்குப் படமெடுத்திருந்தார். அப்போதும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லண்டனின் தெற்குப் புறநகரான பெக்கனமில் அவர் குடியிருந்தார். அந்த ஊர்ச் சலூன் ஒன்றில் சூசி ஃபஸி என்ற இளம்பெண் வேலை பார்த்தார், போவியின் அம்மாவுக்கு அவர்தான் வாடிக்கையாக முடி செய்துவிடுவார். அப்படியே போவியின் மனைவி ஏஞ்சியும் வந்தார், 1972 தொடக்கத்தில் போவியின் வீட்டுக்கு அழைப்பு வந்தது. பத்திரிகையில் வந்த படங்களைக் காட்டி இந்த மாதிரி வெட்ட முடியுமா என்று கேட்டார்கள். கன்சாய் யமமோட்டோ என்ற ஜப்பானிய வடிவமைப்பாளரின் உடைகளைப் போட்ட பெண் மாடல்களின் படங்களும் அதில் இருந்தன, ஜப்பானின் கபுகி நாடகத்துச் சிங்கவேட முடியை நினைவூட்டுகிற சிவந்த தலை.

வெட்டிவிட்டார் சூசி. முன்னால் குட்டை, மேலே குத்திட்டு நிற்க வேண்டும், பின்னால் கழுத்தில் வால் மாதிரி நீளம். ஆனால் போவியின் முடி மெல்லிய, நேரான முடி, மேலே நிற்காமல் படுத்துவிட்டது. அதற்கு அவர் கண்ட வழிதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம். ஷ்வார்ஸ்காஃப் கம்பெனியின் கடுஞ்சிவப்பு டையை வலுவான பெராக்சைடோடு கலந்து அடித்தார். பெராக்சைடு முடி இழையின் மேல்தோலைத் திறந்து சொரசொரப்பாக்கும், அப்போது இழைகள் வழுக்காமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் சலூனில் வயதான பெண்களுக்குப் பயன்படுத்துகிற கார்ட் என்ற பொடுகு மருந்து, அது காய்ந்தால் கல் மாதிரி இறுகும், அதைப் பூசி நிமிர்த்தி வைத்தார். நிறமும் உயரமும் ஒரே வேதியியலில் வந்தன. போவி மேடையில் ஏற்ற வேடமான ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற விண்வெளிப் பாடகனின் தலை, ஒரு புறநகர் சலூன் அலமாரியில் இருந்த சாமான்களால் உருவானது. சூசி வேலையை விட்டுவிட்டு அந்தக் குழுவோடே சுற்றுப்பயணம் கிளம்பினார், முடியோடு உடைகளையும் பார்த்துக்கொண்டார். பிறகு போவியின் கிட்டார்காரர் மிக் ரான்சனையே மணந்துகொண்டார்.

உடை விஷயத்தில் முதல் ஆள் ஃப்ரெடி புரெட்டி, போவியின் நண்பர், தைக்கத் தெரிந்தவர். திரைச்சீலைக்கும் மெத்தையுறைக்கும் போடுகிற மாதிரிப் பூப்போட்ட துணியில் மெத்தென்று தைத்த சூட், காலில் சிவப்பு ரெக்சின் பூட்ஸ். 1972 ஜூலை 6 அன்று "ஸ்டார்மேன்" பாட்டு டாப் ஆஃப் தி பாப்ஸில் ஒளிபரப்பானது. அதில் போவி ஒரு கட்டத்தில் ரான்சனின் தோளில் கைபோட்டுக்கொள்வார். இன்றைக்குப் பார்த்தால் இரண்டு நண்பர்கள் சேர்ந்து பாடுகிறார்கள், அவ்வளவுதான் தெரியும். இங்கிலாந்தில் ஆண்களுக்குள் உறவு குற்றமல்ல என்று சட்டம் வந்து ஐந்தே வருடம் ஆகியிருந்த நேரம் அது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். 80களில் பெயர் வாங்கிய பிரிட்டிஷ் பாடகர்களில் எத்தனையோ பேர் அந்த மூன்று நிமிடத்தைப் பார்த்துத்தான் தாங்களும் பாடகராக முடிவு செய்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

1973இல் யமமோட்டோவே நேரில் வந்து சேர்ந்துகொண்டார். கால்கள் இரண்டும் அரைவட்டமாக விரிந்த பளபளக்கும் கறுப்பு உடை, ஜப்பானிய எழுத்துகள் எழுதிய வெள்ளைக் கேப். கபுகியில் ஹிகிநுகி என்று ஒரு முறை உண்டு, தளர்வாகத் தைத்த நூலை உதவியாளர்கள் ஓடிவந்து இழுத்தால் மேலுடை நொடியில் கழன்று உள்ளே வேறு உடை தெரியும். அதை ராக் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஒப்பனைக்குப் பியர் லா ரோஷ். "அலாடின் சேன்" ஆல்பம் அட்டையில் முகத்தில் ஓடுகிற அந்தச் சிவப்பு நீல மின்னல் அவர் கைவேலை, படமெடுத்தவர் பிரையன் டஃபி. இதற்கிடையில் போவி புருவத்தையும் மழித்துவிட்டார். புருவம் இல்லாத முகம் எந்த உணர்ச்சியையும் முழுதாகக் காட்டாது, அதனால்தான் அந்தப் படங்களில் அவர் ஏதோ வேற்றுலகத்து ஆள் மாதிரி தெரிகிறார். பலரும் அதற்கு மின்னலைக் காரணம் சொல்வார்கள், என்னைக் கேட்டால் புருவம்தான்.

அதே வருடம் ஜூலை 3, லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் மேடையில் இதுதான் கடைசிக் கச்சேரி என்று அறிவித்து ஜிக்கியை முடித்துவிட்டார். அடுத்த வருடம் அமெரிக்காவில் நகரம் போன்ற பிரம்மாண்டமான மேடை அமைப்போடு சுற்றுப்பயணம் தொடங்கினார், பாதியிலேயே அந்த அமைப்பையெல்லாம் கைவிட்டுவிட்டு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைக்கு மாறினார். முடி வாரிவிடப்பட்டு ஒரு பக்கம் வகிடு எடுத்தாயிற்று, உடை பெரிய தோள்பட்டை வைத்த சூட். 1976இல் வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட், கறுப்புக் கால்சட்டை, பின்னால் இழுத்து வாரிய முடி, மேடையில் வெறும் வெள்ளை விளக்குகள். இசையையும் கூடவே கேளுங்கள். ஜிக்கியின் கிட்டார் சத்தம், 75இன் சாக்ஸஃபோனும் பின்பாட்டும், 76இன் இறுகிய குளிர்ந்த தாளம். ஒவ்வொரு தடவையும் முடியும் பாட்டும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. விளம்பரம் மட்டும்தான் நோக்கம் என்றால் ஜெயித்த தோற்றத்தை ஒன்றரை வருடத்தில் யாரும் தூக்கி எறிய மாட்டார்கள்.

பிரிட்டனின் மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லேட் குழுவின் மேலாளர் சாஸ் சாண்ட்லர் 1969இல் அவர்களை மொட்டைக்கு ஒட்ட வெட்டிய ஸ்கின்ஹெட் கோலத்தில் இறக்கினார், அது எடுபடவில்லை, முடியை வளர்த்துக்கொண்டு கோமாளித்தனமான வண்ணங்களுக்குப் போனபிறகுதான் பாட்டு வரிசையாக முதலிடம் பிடித்தது. நாடி ஹோல்டரின் கன்னம் முழுக்கப் பரவிய கிருதா, வட்டக் கண்ணாடிச் சில்லுகள் ஒட்டிய உயரத் தொப்பி. தொப்பியில் விளக்கு விழுந்தால் அரங்கம் முழுக்க ஒளிப்புள்ளிகள் சுழலும், தனியாக விளக்கமைப்பே தேவையில்லை. ராக்ஸி மியூசிக் குழுவுக்கு அந்தனி பிரைஸ் என்ற உண்மையான ஆடை வடிவமைப்பாளர் கிடைத்தார், அதனால் பிரையன் ஃபெர்ரி வெள்ளை டக்ஸிடோவில் நின்றபோது தையலே தனியாகத் தெரிந்தது. டெட்ராயிட்டிலிருந்து வந்த பாடகி சூசி குவாட்ரோவுக்கு உடலோடு ஒட்டிய தோல் உடை, அடுக்கடுக்காக வெட்டிய கலைந்த முடி. அந்த அடுக்கு வெட்டு ஷேக் எனப்படும், 1971இல் "க்ளூட்" படத்தில் ஜேன் ஃபோண்டா வைத்துக்கொண்டது, ராட் ஸ்டுவர்ட், டேவிட் கேசிடி என்று ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பரவியது. நம் ஊர் சலூன்களில் ஸ்டெப் கட்டிங் என்று கேட்டு வாங்கியதும் இந்த அடுக்கு வெட்டின் குடும்பம்தான்.

சரி, கடல் தாண்டிப் போனால் முடிக்கு இதைவிடக் கனமான கதை காத்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்கள் 60கள் வரை பெரும்பாலும் முடியை நேராக்கித்தான் மேடை ஏறினார்கள். காங்க் என்று பெயர், காஸ்டிக் சோடாவை முட்டை, உருளைக்கிழங்கோடு கலந்து தலையில் பூசுவார்கள், தோல் வெந்துபோகும், பொறுக்க முடிகிறவரை பொறுத்துவிட்டு அலச வேண்டும். வெள்ளைக்காரர் முடி மாதிரி தெரிவதற்காக இவ்வளவு வலி. ஜேம்ஸ் பிரவுனின் உயரமான மினுமினுப்பான தலை அப்படிச் செய்ததுதான். 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருடம், கறுப்பன் என்பதில் பெருமை என்று உரக்கச் சொல்லச் சொல்லும் பாட்டை வெளியிட்ட நேரத்தில், அவர் அதை விட்டுவிட்டு, சுருள்முடியை அப்படியே உருண்டையாக வளரவிடும் இயல்பான ஆஃப்ரோவுக்கு மாறினார். இது எவ்வளவு பெரிய முடிவு என்பது அவர் ரசிகர்களுக்குத் தெரியும், அந்தத் தலைதான் அவருடைய அடையாளமாக இருந்தது. 70களின் நடுவில் திரும்பவும் நேராக்கிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும், கதை நேர்கோட்டில் போவதில்லை.

ஆஃப்ரோவை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்கள் ஜாக்சன் 5. 1969 டிசம்பரில் எட் சல்லிவன் ஷோவில் வந்தபோது மைக்கேலுக்கு 11 வயது. ஐந்து பையன்கள், ஐந்து உருண்டைத் தலைகள், பூப்போட்ட சட்டையும் பெல்பாட்டமும். அரசியல் ஊர்வலங்களில் முறுக்கிய கைமுட்டியோடு பார்த்த அதே முடியை ஒரு சிறுவனின் சிரிப்போடு பார்த்தபோது அமெரிக்கத் தாய்மார்களுக்கு அது பழகிப்போனது. 1970இல் சிகாகோவில் டான் கார்னீலியஸ் "சோல் ட்ரெய்ன்" நிகழ்ச்சியைத் தொடங்கினார், 71 அக்டோபரிலிருந்து நாட்டின் பல நகரங்களிலும் ஒளிபரப்பானது. அதைத் தூக்கி நிறுத்திய விளம்பரதாரர் ஜான்சன் ப்ராடக்ட்ஸ், சிகாகோவின் கறுப்பினத்தவர் நடத்திய முடிப்பராமரிப்புக் கம்பெனி, ஆஃப்ரோ ஷீன் அவர்களுடைய சரக்கு. கறுப்பினப் பாடகர்கள் பாடினார்கள், கறுப்பின இளைஞர்கள் ஆடினார்கள், இடையில் அந்த முடிக்கான எண்ணெய்க்கு விளம்பரம் வந்தது. நீங்கள் கேட்ட விளம்பரம் என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தமே வேறு. தன் முடியை நேராக்காமல் அப்படியே அழகாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விளம்பரம் அது.

சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸ் இன்னொரு பக்கம் போனார், தலையை முழுக்க மழித்துக்கொண்டார், மேலே சட்டைக்குப் பதில் தங்கச் சங்கிலிகளால் ஆன மேலாடை. 1972 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் நடந்த வாட்ஸ்டாக்ஸ் விழாவில், ஒரு டாலர் டிக்கெட்டில் லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த கூட்டத்துக்கு முன்னால், அவர் அப்படித்தான் நின்றார். அடிமைகளின் காலில் கிடந்த சங்கிலியை நெஞ்சில் தங்கமாகப் போட்டுக்கொள்கிறார் என்பது அங்கிருந்த எவருக்கும் புரியாமல் இருந்திருக்காது.

ஜார்ஜ் கிளிண்டனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலே குறைப்பட்டது. நியூ ஜெர்சியில் பிளெயின்ஃபீல்ட் என்ற ஊரில் அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், ஆண்களுக்கு முடி நேராக்குவது அங்கே முக்கிய வேலை, தி பார்லமென்ட்ஸ் என்ற அவருடைய பாட்டுக்குழு அந்தச் சலூன் சூழலில் வளர்ந்ததுதான். ஒரே மாதிரி சூட், ஒரே மாதிரி வழித்து வாரிய தலை. அதே ஆள் 70களில் அதையெல்லாம் உதறிவிட்டு நிறநிறமான விக், இறகு, வெள்ளித் துணி என்று போய், 1976இல் மேடையில் ஒரு விண்கலத்தையே இறக்கி அதிலிருந்து இறங்கி வந்தார். கறுப்பினத்தவனை விண்வெளிக் கதைகளில் யாரும் எழுதாதபோது தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். கிளிண்டன் குழுவின் உடைகளில் லாரி லெகாஸ்பி என்ற நியூயார்க் வடிவமைப்பாளரின் கை இருந்தது. அதே லெகாஸ்பிதான் லபெல் குழுவின் மூன்று பெண்களுக்கும் வெள்ளிக் கவசமும் இறகும் செய்துகொடுத்தவர். அதுவரை ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி விக் என்று நின்ற பெண்கள் அவர்கள். 1974 அக்டோபரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா அரங்கில் அவர்கள் பாடியபோது பார்க்க வருகிறவர்களும் வெள்ளி நிறத்தில் ஏதாவது அணிந்து வரவேண்டும் என்று அழைப்பு விட்டிருந்தார்கள். கிஸ் குழுவின் மேடை உடைகளுக்கும் இதே மனிதர் வேலை செய்திருக்கிறார். முகத்துக்குச் சாயம் பூசிய வெள்ளைக்கார ராக்கும் கறுப்பினப் பெண்களின் சோலும் ஒரே தையல் மேசையிலிருந்து கிளம்பின என்பது இசை வரலாறு எழுதுகிற பலர் கவனிக்காத விஷயம்.

ஜமைக்காவின் பாப் மார்லிக்கு முடி நேரடியாக மதம். அவர் சேர்ந்திருந்த ரஸ்தஃபாரி மதத்தினர் பைபிளின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் வருகிற நசரேய விரதத்தைப் பின்பற்றி, தலையில் கத்தி படாமல் வைத்திருப்பார்கள். அதற்காக ஜமைக்காவில் அவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். 1963இல் கோரல் கார்டன்ஸ் கலவரத்தை ஒட்டிப் பிடிக்கப்பட்ட ரஸ்தாக்களின் சடையைப் போலீஸார் வலுக்கட்டாயமாக வெட்டினார்கள், அந்த நிகழ்வுக்கு ஜமைக்க அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல். 70களின் தொடக்கத்தில் மார்லிக்குக் குட்டையான முடிதான், வருடத்துக்கு வருடம் ஆல்பம் அட்டைகளில் சடை நீள்வதைப் பார்க்கலாம். உடையோ சாதாரண டெனிம் சட்டை, கம்பளி ஸ்வெட்டர். மேடைக்கென்று அவர் எதையும் போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் உலகம் சுற்றிய தலைமுடி வேறில்லை.

இனி உடை மட்டுமே பேசிய ஆட்களுக்கு வருகிறேன். எல்விஸின் வெள்ளை ஜம்ப்சூட்களை வடிவமைத்தவர் பில் பெலூ. கராத்தே உடையின் சாயலும், கழுத்தை உயர்த்திக்காட்டும் காலரும் அதில் உண்டு, தைத்த இடம் ஐஸ் ஸ்கேட்டிங் ஷோக்களுக்கு உடை செய்கிற பட்டறை. எல்விஸுக்குக் காலை அகட்டி, மண்டியிட்டு, கையை வீசி அசைய வேண்டும், அந்த அசைவுக்குத் துணி கிழியாமல் நெகிழ வேண்டும், அந்த வேலை ஸ்கேட்டிங் உடை தைக்கிறவர்களுக்குத்தான் கைவந்தது. 1973 ஜனவரியில் ஹவாயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பான கச்சேரியில் கழுகு பதித்த உடையின் கேப்பைக் கடைசியில் கூட்டத்துக்குள் வீசினார். எல்டன் ஜானுக்கு வாய்த்தவர் பாப் மேக்கி. பியானோக்காரர் ஓடியாட முடியாது, ஒரே இடத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், பெரிய மைதானத்தின் கடைசி வரிசைக்கு அவர் வெறும் புள்ளி. 1975 அக்டோபரில் டாட்ஜர் மைதானத்தில் அந்த பேஸ்பால் அணியின் சீருடையையே முழுக்கச் சமிக்கி வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். சூரியன் பட்ட இடமெல்லாம் மின்னியது. முடி முன்னால் கொட்டிக்கொண்டிருந்ததால் தொப்பியும் கண்ணாடிகளும் அவருக்கு இன்னும் அவசியமாயின, முடி பேச வேண்டிய இடத்தில் கண்ணாடி பேசியது.

ஆபா குழுவுக்கு ஒரு கணக்குவழக்குக் காரணமும் இருந்தது. ஸ்வீடன் வரிச்சட்டப்படி மேடை உடையின் செலவைக் கழித்துக் காட்ட வேண்டுமானால் அது தெருவில் அணிய முடியாததாக இருக்க வேண்டும். அதனால் எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு நல்லது என்று ஆனதைக் குழுவின் பியோர்ன் உல்வேயஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1974 ஏப்ரலில் பிரைட்டனில் யூரோவிஷன் பாட்டுப்போட்டியை ஜெயித்தபோது போட்டிருந்த வெள்ளிப் பூட்ஸையும் நட்சத்திர கிட்டாரையும் இனிமேல் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பளபளப்புக்கும் எதிர்ப்பு 1976இல் பங்க் வடிவில் வந்தது, இங்கேயும் முதலில் மாறியது முடிதான். நியூயார்க்கில் ரிச்சர்ட் ஹெல் குட்டையாக, கத்தரிக்கோலால் தானே கொத்தியது மாதிரி குத்திட்ட முடியும் கிழிந்த சட்டையுமாகப் பாடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு லண்டன் திரும்பிய மால்கம் மெக்லாரன், விவியன் வெஸ்ட்வுட்டோடு கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் கடை நடத்தியவர், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவுக்கு அதே வழியைக் காட்டினார். அதன் பாடகர் ஜானி ராட்டன், பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் பெயர் போட்ட பனியனில் "நான் வெறுக்கிறேன்" என்று கையால் எழுதிப் போட்டுக்கொண்டார். கிழிசலும் ஊக்கும் யாருக்கும் செலவு வைக்காத உடை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கூட்டத்தில் பலர், பாடகி சூசி சூ உட்பட, நான்கு வருடத்துக்கு முன் போவி ரசிகர்கள். முடியைக் குத்திட்டு நிற்க வைக்கலாம், இயற்கையில் இல்லாத நிறத்தில் டை அடிக்கலாம் என்பதை அவர்கள் பெக்கனம் சலூனிலிருந்து வந்த தலையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். பங்க் கிளாமை அழித்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் இன்னொரு பதில் வைத்திருந்தது: நீள முடியை வெட்டி, 1978இல் நால்வரும் ஒரே சிவப்புச் சட்டை, கறுப்புக் கழுத்துப்பட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. இயந்திர இசைக்கு இயந்திர முடி.

நம் பக்கம் இது வந்து சேர்ந்ததற்குச் சாட்சி வேண்டுமானால் 1979இல் வந்த கே. பாலசந்தரின் "நினைத்தாலே இனிக்கும்" போதும். எம்.எஸ்.வி. இசையில், கமலும் ரஜினியும் சிங்கப்பூர் போகிற இசைக்குழுவினராக நடித்த படம். முடியையும் பெல்பாட்டத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டே அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், மேற்கில் ஏழெட்டு வருடத்தில் வந்துபோன பாணிகள் அங்கே ஒரே மேடையில் நிற்கும்.

கடைசியாக குயீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி. ஜான்ஜிபாரில் பார்சி குடும்பத்தில் பிறந்து மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு, அங்கேயே முதல் இசைக்குழு. லண்டன் வந்தபிறகு அந்தக் குழுவின் டிரம்மர் ராஜர் டெய்லரோடு கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணிக்கடை போட்டிருந்தார், அதனால் துணியைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்த பாடகர் அவர். 1974இல் ஸாண்ட்ரா ரோட்ஸ் செய்துகொடுத்த வெள்ளை மடிப்பு மேலாடை, கையை விரித்தால் சிறகாகும். தோளில் விழுகிற கறுப்பு முடி. பிறகு பாலே நடனக்காரர்களின் ஒட்டுடை, சதுரக் கட்டங்கள் போட்டது, சமிக்கி வைத்தது. பத்தாண்டின் முடிவில் கறுப்புத் தோல். 1980இல் முடியை ஒட்ட வெட்டி மீசை வைத்துக்கொண்டார். அமெரிக்கப் பயணத்தில் ரசிகர்கள் மேடைமீது சவர ரேஸர்களை வீசினார்கள். இத்தனை வருடமாக அவர் போட்ட எந்த உடைக்கும் இப்படி ஒரு எதிர்ப்பு வந்ததில்லை, சிறகு வைத்தபோதும் ஒட்டுடையில் வந்தபோதும் கைதட்டினார்கள். மீசையை எடு என்றுதான் சண்டைக்கு வந்தார்கள். அவர் எடுக்கவில்லை, அடுத்த சில வருடங்கள் மீசையோடேதான் மேடை ஏறினார்.

பார்க்கத் தொடங்குவதென்றால் 72 ஜூலையின் அந்த "ஸ்டார்மேன்" நிகழ்ச்சி, 69இன் எட் சல்லிவன் ஷோவில் ஜாக்சன் 5, வாட்ஸ்டாக்ஸில் ஐசக் ஹேய்ஸ், 74 லபெல், இந்த நான்கையும் முதலில் பாருங்கள். நான்கும் வேறு வேறு முடி, வேறு வேறு காரணம். போவியின் உடைகளும் குறிப்புகளும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கின்றன, அவற்றின் படங்களில் புரெட்டியின் தையலை அருகிலிருந்து பார்க்கலாம்.